குஞ்சு விட்டால் ஆறு நிறையுமா? காவிரி மஹாசீரும் தூண்டில்காரர்களின் அரசியலும்

ஜனவரி 11, 2025

ஓசூர் நண்பர் ஒருவர் கேட்கிறார்: "அரசாங்கம் வருஷா வருஷம் ஆற்றில் மீன்குஞ்சு விடுகிறது. நல்ல காரியம்தானே? பெங்களூருத் தூண்டில்காரர்கள் அதை நிறுத்தச் சொல்லி ஏன் மனுப் போடுகிறீர்கள்? உங்களுக்குப் பிடிக்க மீன் வேண்டாமா?"

வேண்டும் சார். அதனால்தான், காவிரியின் பெரிய ஆற்று மீனான மஹாசீருக்காக, மனுப் போடுகிறோம்.

மீன்குஞ்சு விடுவதைப் போல அரசியல்வாதிக்குப் பிடித்த வேலை வேறு இல்லை. ஆக்சிஜன் அடைத்த பிளாஸ்டிக் பை, உள்ளே விரல் நீளக் குஞ்சுகள், கரையில் ஷாமியானா, மாலை மரியாதை. மந்திரி பையைக் கவிழ்ப்பார், கேமரா மின்னும், மறுநாள் பேப்பரில் லட்சக் கணக்கு வரும். அந்தக் குஞ்சு எந்த இனம், எந்த ஆற்றிலிருந்து வந்தது, அடுத்த கோடையில் எத்தனை மிஞ்சியது என்று ஒரு நிருபரும் கேட்டு நான் பார்த்ததில்லை. வெடித் தோட்டா போட்டு மீன் கொல்கிறவனைப் பிடிக்க ராத்திரி ரோந்து போக வேண்டும், மணல் அள்ளுகிறவனைத் தடுக்க உள்ளூர்ப் பெரிய மனிதர்களைப் பகைக்க வேண்டும். குஞ்சு விட யாரையும் பகைக்க வேண்டியதில்லை.

ஜனவரி 12

அதே நண்பர்: "அமெரிக்காவில் ட்ரவுட் மீனைப் பண்ணையில் வளர்த்து ஆற்றில் விட்டுத்தானே பிடிக்கிறார்கள்?"

ஆமாம், பல மாநிலங்களில் இன்றும் விடுகிறார்கள். ஆனால் அதற்கு எதிராக முதலில் கிளம்பியவர்களும் தூண்டில்காரர்கள்தான். 1959இல் மிச்சிகன் மாநிலத்தில், அவ் சேபிள் ஆற்றங்கரையில் கூடிய சிலர் ட்ரவுட் அன்லிமிடெட் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஆற்றைக் கவனிக்காமல் பண்ணை மீனைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருக்கிறார்களே என்பதுதான் அவர்கள் கோபம்.

மொன்டானாவில் நடந்தது இன்னும் சுவாரசியம். டிக் வின்சென்ட் என்ற அரசு மீன் ஆய்வாளர் மாடிசன் ஆற்றின் ஒரு பகுதியில் பண்ணை ட்ரவுட் விடுவதை நிறுத்திப் பார்த்தார். அதுவரை பண்ணை மீனே விடாத பக்கத்து ஓடையில் புதிதாக விட்டும் பார்த்தார். நிறுத்திய இடத்தில் காட்டு ட்ரவுட் கூடியது, விட்ட இடத்தில் குறைந்தது. காரணம் சிக்கலானதல்ல. ஓடும் தண்ணீரில் ஒவ்வொரு ட்ரவுட்டுக்கும் ஒதுங்க ஒரு கல், ஒரு நிழல் உண்டு. பண்ணைத் தொட்டியில் ஒன்றன்மேல் ஒன்று முட்டி வளர்ந்த கூட்டத்துக்கு அந்த ஒழுங்கு தெரியாது. அது வந்து இருக்கிற மீனைக் கலைக்கிறது. பிறகு அதுவும் நிலைப்பதில்லை.

மீன் விடுவதை நிறுத்தினால் வெளியூர்க்காரர்கள் வரமாட்டார்கள், வியாபாரம் படுத்துவிடும் என்று அங்கேயும் பலத்த எதிர்ப்பு கிளம்பியது. ஆனாலும் 1974இல், காட்டு ட்ரவுட் தானாகப் பெருகுகிற ஆறுகளில் பண்ணை மீன் விடுவதை மொன்டானா நிறுத்திவிட்டது. இன்று உலகத்துத் தூண்டில்காரர்கள் காசு செலவழித்துப் போகிற ஆறு மாடிசன்.

ஜனவரி 12, இரவு

குன்னூரிலிருந்து ஒருவர் மடக்குகிறார்: "மாடிசனில் இருக்கிற பிரௌன் ட்ரவுட் ஐரோப்பா மீன், ரெயின்போ மேற்குக் கடலோரத்து மீன். இரண்டும் அந்த ஆற்றுக்கு வந்தேறிகள்தானே? அப்புறம் என்ன காட்டு ட்ரவுட்?"

கொக்கியை நேராகத் தொண்டையில் மாட்டிவிட்டார். உண்மைதான். அந்த ஆற்றின் சொந்தக்காரர்கள் கட்த்ரோட் ட்ரவுட்டும் கிரேலிங்கும். காட்டில் தானாகக் குஞ்சு பொரிப்பது வேறு, அந்த ஆற்றிலேயே தோன்றியது வேறு. குன்னூர்க்காரருக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும். 1907இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் வைத்து வெள்ளைக்காரர்கள் விட்ட ட்ரவுட்தான் நீலகிரி மேட்டு ஓடைகளில் இன்றைக்கும் ஓடுகிறது. அது காட்டு மீன், ஆனால் நீலகிரி மீன் இல்லை.

இதை நினைவில் வையுங்கள். காவிரிக்கு வரும்போது இதே முடிச்சுதான்.

ஜனவரி 18

சரி, காவிரி.

தெரியாதவர்களுக்காக: சிவனசமுத்திரம் அருவிக்குக் கீழே தொட்டமாகளி, பீமேஸ்வரி, காலிபோரே, பிறகு அர்க்காவதி வந்து சேரும் சங்கமா, அதைத் தாண்டி மேகதாது. இந்த நீளம்தான் பெங்களூரு, மைசூருத் தூண்டில்காரர்களின் கோயில். 1972இல் பெங்களூரில் தொடங்கிய தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் ஆற்றில் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக் காவல் போட்டது. பின்னர் கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் மூன்று முகாம்கள் நடத்தியது. பிடித்த மீனை எடை போட்டு, நோட்டில் எழுதி, திரும்ப ஆற்றில் விட வேண்டும் என்பது விதி. முன்பு வலையும் தோட்டாவும் போட்டுப் பிழைத்தவர்களில் பலரை வழிகாட்டியாகவும் காவலாளியாகவும் சம்பளத்துக்கு வைத்தார்கள். அவர்களுக்குத் தெரியாத மடு அந்த ஆற்றில் இல்லை.

எனக்கு வாய்த்தவர் தமிழும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசும் ஒரு பெரியவர். ராகி மாவைப் பிசைந்து எலுமிச்சை அளவு உருட்டி, கொதிக்கிற தண்ணீரில் போட்டு, ரப்பர் மாதிரி ஆகும்வரை வேகவைப்பார். ஆறிய உருண்டையைப் பாறையில் ஓங்கி அடிப்பார். உடைந்தால் தூக்கிப் போட்டுவிடுவார், எம்பினால்தான் தூண்டிலுக்கு. மாவில் சோம்பு சேர்ப்பார். வேறு என்ன சேர்ப்பார் என்று கடைசிவரை சொல்லவில்லை. பரிசலில் போகும்போது பேச்சுக் கிடையாது, பீடி மட்டும் உண்டு.

மீன் மாட்டினால் அவர் பார்க்கிற முதல் விஷயம் எடை இல்லை, துடுப்பு. செம்மஞ்சள் துடுப்பும் தலைக்குப் பின்னால் எழும்பிய முதுகும் உள்ள திமில் மஹாசீராக இருந்தால் "இது நம்மூர் மீனு சாமி" என்பார். நீலத்துடுப்பு மஹாசீராக இருந்தால் ஒன்றும் சொல்லமாட்டார், கொக்கியைக் கழற்றி விட்டுவிடுவார். நம்மூர் மீனை மட்டும் தண்ணீரை விட்டுத் தூக்கவிடமாட்டார். இடுப்பளவு தண்ணீரில் நின்று, மூக்கு நீரோட்டத்தைப் பார்க்கிற மாதிரி இரண்டு கையிலும் தாங்கிப் பிடிப்பார். செவுள் திறந்து மூடும். வால் அடித்துக் கையை உதறிவிட்டுத் தானாகப் போகும்வரை விடமாட்டார். போட்டோ என்று கேட்டவர்களைத் திட்டியிருக்கிறார். பணம் கட்டி வந்த வெள்ளைக்காரரையும்கூட.

ஜனவரி 19

படித்துவிட்டு ஒரு தம்பி எழுதுகிறார், கையில் புள்ளிவிவரத்தோடு: "காலிபோரே முகாம் நோட்டுகளை ஆய்வு செய்திருக்கிறார்கள். 1998 முதல் 2012 வரை 6,161 மஹாசீர் பிடித்து விட்டிருக்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்குக் கிடைக்கும் மீன் எண்ணிக்கை வருஷத்துக்கு வருஷம் கூடியிருக்கிறது. அப்படியானால் ஆறு நன்றாகத்தானே இருந்தது? குஞ்சு விட்டதும் பலித்திருக்கிறது?"

தம்பி, அதே நோட்டில் சராசரி எடை குறைந்ததும் இருக்கிறது. அதையும் சேர்த்துப் படியுங்கள். எண்ணிக்கை கூடிற்று, பெரிய மீன் அருகிற்று. முதலில் இதை நல்ல சகுனமாகத்தான் எடுத்துக்கொண்டார்கள்: நிறையச் சின்ன மீன், ஆகவே இனம் பெருகுகிறது என்று. பிறகு அட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன் ஆகிய அதே ஆய்வாளர்கள் கணக்கைத் துடுப்பு வாரியாகப் பிரித்தார்கள். பெருகியது முழுக்க நீலத்துடுப்பு. திமில் மஹாசீர் சரிந்துகொண்டே போயிருந்தது. 1993க்கு முந்தைய பதிவுகளில் அந்த இடத்தில் நீலத்துடுப்பே கிடையாது.

அது எங்கிருந்து வந்தது? கிருஷ்ணா வடிநிலத்து மீன் அது. புனே பக்கத்து ஆற்று மீனை வைத்துத்தான் சைக்ஸ் என்ற ஆய்வாளர் 1839இல் அதற்குப் பெயர் வைத்தார். 1970களில் லோனாவாலாவில் டாடா மின் நிறுவனத்தார் அதைச் செயற்கையாகப் பொரிக்கக் கற்றுக்கொண்டு பல மாநிலங்களுக்கும் குஞ்சு கொடுத்தார்கள். நல்லெண்ணத்தில் கொடுத்தது. மஹாசீர் அழிகிறது, மஹாசீர் விடுவோம் என்று நல்லெண்ணத்தில்தான் இங்கே வாங்கி விட்டார்கள். எந்த மஹாசீர் என்று கேட்க அன்றைக்கு ஆள் இல்லை. விட்ட பட்டியலில் மீன்வளத் துறையும் உண்டு, தூண்டில் சங்கங்களும் உண்டு. அரசை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற நம் ஆட்கள் இந்த வரியை மறந்துவிடுகிறார்கள்.

ஜனவரி 19, சற்றுப் பின்

திமில் மீனுக்கு முறையான அறிவியல் பெயர்கூட 2018இல்தான் உறுதியானது. காவிரி வடிநிலத்தைச் சேர்ந்த கேரளத்துப் பாம்பாற்றிலிருந்து ஏற்கனவே விவரிக்கப்பட்டிருந்த டோர் ரெமாதேவிதான் காவிரியின் திமில் மஹாசீரும் என்று அந்த ஆண்டு காட்டினார்கள். அதே ஆண்டு உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன் அதை அழிவின் விளிம்பில் இருப்பதாக அறிவித்தது. 1946இல் கபினியில் தூண்டில்காரர் வான் இங்கன் பிடித்த 120 பவுண்டு மீனின் படத்தை மைசூர்க்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். உலகத்துத் தூண்டில்காரர்கள் நூறு வருஷமாகக் கொண்டாடிய மீனுக்குப் பெயர் முடிவானதும் சாவோலை வந்ததும் ஒரே வருஷத்தில்.

ஜனவரி 26

தூண்டில் தடை பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கூட்டிப் பெருக்கிச் சொல்கிறேன்.

காலிபோரே, பீமேஸ்வரி எல்லாம் காவிரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் இருக்கின்றன. 1972 வனவிலங்குச் சட்டத்தின்படி சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவதும் வேட்டை என்று விளக்கம் வந்து, 2012இல் தூண்டில் நின்றது. முகாம்கள் இருக்கின்றன. இப்போது பரிசல், கயாக், கயிற்றுப் பாலம், கோழிக்கறி.

நம் ஆட்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு பக்கம்: தூண்டில்காரன் போனால் காவல் போகும், காவல் போனால் தோட்டா வரும். மறுபக்கம்: சரணாலயம் என்றால் சரணாலயம்தான், புலிக்கு ஒரு நியாயம் மீனுக்கு ஒரு நியாயமா, வாயில் கொக்கியை மாட்டி இழுத்துவிட்டு விடுதலை செய்தேன் என்று பெருமை பேசுவது என்ன கருணை?

இரண்டாவது கட்சியை நம் ஆட்கள் கேலி செய்கிறார்கள். நான் செய்யமாட்டேன். ராமநாதபுரத்துக்குப் போய்ப் பாருங்கள். நம்ம ஊர் ராமநாதபுரம் இல்லை, ஹாசன் மாவட்டத்தில் காவிரிக் கரையில் இருக்கிறதே அது. கோயில் படித்துறையில் பொரி போட்டால் கை நீள மீன் வந்து முட்டும். சிருங்கேரியிலும் அப்படித்தான். அங்கே தூண்டில் சங்கம் இல்லை, யாரும் பிடிப்பதில்லை, அவ்வளவுதான். தூண்டில் இல்லாமல் மீனைக் காக்கவே முடியாது என்று சொல்ல நமக்கு வாய் இல்லை.

ஆனால் காலிபோரேயில் கோயில் படித்துறை இல்லை. அங்கே கண்ணாக இருந்தது வழிகாட்டிகளும் அந்த நோட்டும்தான். 2012க்குப் பிறகு நோட்டு இல்லை. திமில் மீன் அருகியது நமக்குத் தெரிய வந்ததே தூண்டில்காரன் எழுதி வைத்த கணக்கால்தான். இன்றைக்கு அங்கே என்ன நிலைமை என்று யாராவது நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியுமா?

பெரியவரும் அதைத்தான் சொன்னார், அவர் பாணியில். தடைக்குப் பிறகு ஒருமுறை முத்தத்தியில் டீக்கடையில் பார்த்தேன். "ராத்திரி சத்தம் கேக்குது சாமி. போய்க் கேட்டா நீ யாருங்கறான். நான் யாரு?"

ஜனவரி 27

ஒருவர்: "தோட்டா போட்டால் என்ன, சின்ன மீன்தானே சாகும்?"

அண்ணே, மடுவில் வெடித்தால் சின்னது பெரியது பார்க்காது. மிதக்கிறதைப் பொறுக்குவார்கள், முழுகினது பாறைச் சந்தில் அழுகும். கோடையில் தண்ணீர் வற்றி எல்லா மீனும் ஒரே மடுவில் ஒதுங்கும்போதுதான் போடுவார்கள். இருபது வருஷத்து மீன் ஒரு நொடியில் போய்விடும்.

பிப்ரவரி 2

வரும் என்று எதிர்பார்த்தேன், வந்துவிட்டது. "நீங்கள் தமிழர். மேகதாது அணை வேண்டாம் என்பதற்காகத்தான் மீன் கதை விடுகிறீர்கள்" என்கிறார் ஒரு மைசூர் நண்பர். இன்னொரு பக்கம் ஈரோட்டுக்காரர் ஒருவர், "கர்நாடகத்தில் உட்கார்ந்துகொண்டு அவர்கள் மீனுக்கு வக்காலத்து வாங்குகிறீர்களே" என்கிறார். இரண்டு பேரும் ஒரே நாளில்.

பெங்களூரு அல்சூரில் பிறந்து வளர்ந்தவன் நான். 1991 காவிரிக் கலவரத்தில் கடைசி வீட்டு விளக்கு அணையும்வரை அம்மா எங்களைத் தூங்கவிடவில்லை. காவிரி என்றால் என்ன அரசியல் என்று எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். மேகதாது திட்டம் 67 டிஎம்சி கொள்ளளவு. முழுகப்போவது ஏறக்குறைய 5,000 ஹெக்டேர், பெரும்பகுதி காவிரிச் சரணாலயத்துக் காடு. சங்கமாவும் அதற்கு மேலே இருக்கிற மடுக்களும் நீர்த்தேக்கத்துக்குள் போய்விடும். மஹாசீர் ஓடும் தண்ணீர் மீன். கூழாங்கல் மேல் தெளிந்து ஓடுகிற இடத்தில்தான் முட்டையிடும். தேங்கிய தண்ணீரில் யார் செழிப்பார்கள் என்று எந்த அணைக்கட்டில் வலை போடுகிறவரைக் கேட்டாலும் சொல்வார்: ஜிலேபிக் கெண்டை.

தமிழ்நாடு எதிர்ப்பது மீனுக்காக இல்லை. கர்நாடகம் கேட்பதும் மீனுக்கு எதிராக இல்லை. இரண்டு மாநில வக்கீல்களும் வருஷக் கணக்காகப் பேசியதில் மஹாசீருக்குக் கிடைத்த நேரம் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? மீனுக்குக் கட்சிக்காரன் இல்லை. அந்த இடத்தில் நிற்க வேண்டியவர்கள் தூண்டில்காரர்கள், இரண்டு கரையிலும். ஒகேனக்கலில் இருக்கிறவரும் மண்டியாவில் இருக்கிறவரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டால்தான் அதற்கு எடை. நான் கேட்டவரை ஒருவரும் முன்வரவில்லை. மண்டியாக்காரர் கையெழுத்துப் போட்டால் ஊரில் நடமாட முடியாது என்கிறார். ஒகேனக்கல்காரரும் வரி மாறாமல் அதையே சொல்கிறார்.

பிப்ரவரி 3

மைசூர் நண்பர் மீண்டும்: "தீர்ப்பிலேயே சுற்றுச்சூழலுக்கு 10 டிஎம்சி ஒதுக்கியிருக்கிறதே?"

ஆமாம். 2007 காவிரி நடுவர் மன்ற இறுதித் தீர்ப்பில் மொத்தம் 740 டிஎம்சியில் 10. பிப்ரவரி முதல் மே வரை மாநில எல்லையில் தண்ணீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் மாதத்துக்கு 2.5 டிஎம்சி வர வேண்டும். 2018இல் உச்ச நீதிமன்றம் பங்கை மாற்றியபோதும் அந்தப் பத்தைத் தொடவில்லை. நாள் கணக்கில் போட்டால் வினாடிக்கு ஆயிரம் கன அடிக்குக் கொஞ்சம் குறைவு. கோடை மடுவுக்கு அது உயிர்த் தண்ணீர். ஆனால் அது மாதக் கணக்கு. ஒரே வாரத்தில் திறந்துவிட்டு மூன்று வாரம் மூடினாலும் ஏட்டில் சரியாக இருக்கும், மடுவில் இருக்கிற மீனுக்குச் சரியாக இருக்காது. தினசரிக் கணக்கு கேளுங்கள் என்று மனுவில் எழுதியிருக்கிறோம். படிப்பவர்களுக்குக் கொட்டாவி வரும் வரி இது. இதைவிட முக்கியமான வரி அந்த மனுவில் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நாமும் யோக்கியர்கள் இல்லை என்பதற்காக. காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில் திறந்தபின் பெங்களூருக்கு நாளொன்றுக்குக் காவிரியிலிருந்து சுமார் 2,225 மில்லியன் லிட்டர் இழுக்க முடியும். மாதத்துக்குப் பெருக்கிப் பாருங்கள், 2.4 டிஎம்சிக்குப் பக்கத்தில் வரும். பிலிகுண்டுலுவின் கோடை மாதக் கணக்கும் நம் ஊர்க் குழாய்க் கணக்கும் கிட்டத்தட்ட ஒன்று.

பிப்ரவரி 9

இழுத்த தண்ணீர் எங்கே போகிறது என்று ஒரு அம்மா கேட்டார். இங்கே இதுவரை வந்ததில் நல்ல கேள்வி.

நகரத்தின் மேற்குப் பக்கத்துச் சாக்கடை விருஷபாவதியில் சேரும். விருஷபாவதி அர்க்காவதியில் சேரும். அர்க்காவதி சங்கமாவில் காவிரியில் சேரும். சிவனசமுத்திரம் பக்கத்தில் எடுத்துச் சுமார் 100 கிலோமீட்டர் பம்ப் செய்து கொண்டுவந்து, குளித்து, துவைத்து, கழுவி, சங்கமாவில் திருப்பிக் கொடுக்கிறோம். மைசூர் ரோட்டில் ஜன்னலைத் திறந்துகொண்டு போனவர்களுக்கு நான் விளக்க வேண்டாம். 2016 மார்ச்சில் எங்கள் அல்சூர் ஏரியில் மீன் செத்து மிதந்தபோது ஊரே மூக்கைப் பிடித்துக்கொண்டு கண்டனம் தெரிவித்தது. விருஷபாவதியில் சாவதற்கு மீனே இல்லை, ஆகவே செய்தியும் இல்லை.

காலிபோரேக்காரர்கள் தப்பித்தார்கள், அவர்கள் சங்கமாவுக்கு மேலே. அடி வாங்குவது கீழே மேகதாது, ஒகேனக்கல் பக்கம்.

பிப்ரவரி 16

"தூண்டில்காரர்கள் எங்காவது ஜெயித்திருக்கிறார்களா, இல்லை இந்தியாவில் வெறும் புலம்பல்தானா?"

ஹிமாசலத்தில் தீர்த்தன் ஆறு. பிரௌன் ட்ரவுட்டுக்குப் பேர் போனது. அதன்மேல் வரவிருந்த நீர்மின் திட்டங்களை எதிர்த்து பஞ்சார் பகுதி முன்னாள் எம்.எல்.ஏ. திலேராம் ஷபாப் நீதிமன்றம் போனார், உள்ளூர் மக்கள் கூட நின்றார்கள், திட்டங்கள் நின்றன. அங்கே இன்றும் உரிமம் வாங்கித் தூண்டில் போடலாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை முட்டையிடும் காலம், அப்போது பிடிக்கக் கூடாது. விருந்தினர் விடுதிகள், வழிகாட்டிகள், எல்லோருக்கும் பிழைப்பு.

வேடிக்கை என்னவென்றால், அந்த ட்ரவுட்டும் வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்டது. வந்தேறி மீன் ஒன்று சொந்த ஆற்றைக் காப்பாற்றிக் கொடுத்தது. குன்னூர்க்காரர் சிரிப்பார். நான் ஜனவரி 12இல் எழுதியதை இது கொஞ்சம் சாய்க்கிறது, சாய்க்கட்டும். தீர்த்தனில் ஆறு ஓட வேண்டும் என்று சொல்ல ஒரு மீன் தேவைப்பட்டது, கிடைத்தது. காவிரியில் அந்த வேலைக்கு வந்தேறி வேண்டியதில்லை, உலகத்தில் வேறெங்கும் இல்லாத மீன் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நாம் கேட்பது என்ன? "மறுபடி தூண்டில் போட விடுங்கள்." எந்த அதிகாரி மனம் இரங்குவார்? நம் பொழுதுபோக்கை முதல் பக்கத்திலும் மீனைக் கடைசிப் பக்கத்திலும் வைத்து எழுதிய மனுக்கள் எல்லாம் எந்த அலமாரியில் தூங்குகின்றனவோ. ஒருமுறை ஒரு அலுவலகத்தில் எங்கள் மனுவின்மேல் டீ டம்ளரை வைத்துவிட்டுப் பேசினார் ஒருவர். பேசி முடிக்கும்போது முதல் பக்கத்தில் வட்டமாகக் கறை. முத்திரை விழுந்துவிட்டது என்று திருப்திப்பட்டு வந்தோம்.

மார்ச் 1

சூடான விவாதம் வந்துவிட்டது. நீலத்துடுப்பைப் பிடித்தால் விடாமல் கொன்றுவிட வேண்டும் என்கிறார்கள் இரண்டு பேர். யெல்லோஸ்டோன் ஏரியை உதாரணம் காட்டுகிறார்கள். அங்கே 1994இல் யாரோ திருட்டுத்தனமாக விட்ட லேக் ட்ரவுட் கண்ணில் பட்டது. அது சொந்த கட்த்ரோட்டைத் தின்று தீர்த்ததால், பிடித்த லேக் ட்ரவுட்டைக் கொன்றே ஆக வேண்டும் என்று விதி.

எனக்கு அந்த வாதம் புரிகிறது, ஆனால் இங்கே ஒத்துவராது. லேக் ட்ரவுட்டும் கட்த்ரோட்டும் பார்த்தவுடன் வித்தியாசம் தெரியும். சாண் நீள மஹாசீரில் துடுப்பு நிறத்தை அந்தி வெளிச்சத்தில் சரியாகச் சொல்ல எத்தனை பேர் இருக்கிறார்கள்? பெரியவர் சொல்வார். சனிக்கிழமை காரில் வருகிறவர் சொல்வாரா? கொல்லலாம் என்று ஒரு வரி போட்டுக் கொடுத்தால் இரண்டும் சந்தைக்குப் போகும். பெங்களூரு ரஸ்ஸல் மார்க்கெட்டில் துண்டு போட்டபின் எந்தத் துடுப்பு என்று யார் பார்ப்பது?

புதிதாக விடுவதை முதலில் நிறுத்துங்கள். கொல்வதைப் பற்றி அப்புறம் பேசலாம்.

மார்ச் 2

ஈரோட்டுக்காரர், சமாதானமாக: "மோயாற்றில் இன்னும் திமில் மீன் இருக்கிறதாமே? அங்கே போய்ப் பிடித்துவந்து பொரித்து விட்டால்?"

இருக்கிறது, கொஞ்சம். அதனால்தான் மோயாற்றில் ஒரு நீலத்துடுப்புக் குஞ்சுகூட விழக் கூடாது என்று தமிழ்நாட்டு ஆட்கள் இப்போதே கத்த வேண்டும். பொரித்து விடுவது கடைசி வழி. அதற்கு முன்னால் விட்ட இடத்தில் அது பிழைக்குமா என்று பார்க்க வேண்டும். தண்ணீர் இல்லை, தோட்டா நிற்கவில்லை, மடு முழுக்க நீலத்துடுப்பு என்றால் மந்திரிக்கு இன்னொரு போட்டோ கிடைக்கும், அவ்வளவுதான்.

மார்ச் 8

மனுவை மாற்றி எழுதிவிட்டோம். தூண்டில் அனுமதி முதல் பக்கத்திலிருந்து போய்விட்டது. சங்கத்தில் இதற்காக இரண்டு பேர் என்னோடு பேசுவதில்லை. முதலில் கேட்பது, காவிரி வடிநிலத்தில் எந்தத் துறையும் எந்தச் சங்கமும் நீலத்துடுப்புக் குஞ்சு விடக் கூடாது என்று எழுத்தில் ஆணை. பிறகு பிலிகுண்டுலு தினசரிக் கணக்கு. பிறகு பழைய வழிகாட்டிகளுக்கு வனத்துறையில் சம்பளத்தோடு காவல் வேலை. சரணாலயத்துக்குள் தூண்டில் என்றால் அது ஆய்வாளர் கண்காணிப்பில், நோட்டோடு, குறிப்பிட்ட சில நாட்கள் மட்டும். கிடைக்காவிட்டாலும் மற்ற மூன்றும் நிற்க வேண்டும்.

ஓசூர் நண்பர் தன் மாமாவிடம் எழுபது எண்பதுகளில் பிடித்த மீன்களின் பழைய படங்கள் இருக்கின்றன என்கிறார். சார், அதை ஸ்கேன் செய்து அனுப்புங்கள். கறுப்பு வெள்ளையாக இருந்தாலும் பரவாயில்லை, முதுகு தெரிந்தால் போதும். பின்னால் இடமும் வருஷமும் எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தையும் சேர்த்து. ஆல்பத்திலிருந்து பிய்க்க வேண்டாம், பசை ஒட்டிய படம் கிழிந்துவிடும். அப்படியே வைத்து எடுங்கள்.

மார்ச் 9

மாமா தர மறுக்கிறாராம். தூண்டில் போட்ட இடத்தை நாங்கள் தெரிந்துகொள்வோமாம். அந்த இடத்தில் தூண்டில் போடத் தடை வந்து பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று என்று யாராவது அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.